கூழ் மேல் போட்ட பழி

— பாலசுந்தரம் ஐயா, காப்புக் கட்டின ஊர விட்டு யாரும் வெளிய போய்த் தங்கக் கூடாதுன்னு தர்மகர்த்தா நீங்க சொன்னதாலதான் ஆண்டாயி அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவல.

— மொறைய நான் உண்டாக்கல நர்சம்மா. எங்கப்பாரு காலத்துலயும் அதான்.

— நேத்து விடிஞ்சதுலேந்து வாந்தி பேதி. நான் ஆம்புலன்ஸ வரச்சொன்னேன். அவங்க மவன் வீரமணி உத்தரவு கேட்டு உங்ககிட்ட ஓடியாந்தான். தேர் நெலைக்கு வரட்டும், ஆத்தா பாத்துக்குவான்னு சொல்லியிருக்கீங்க. வந்த வண்டிய வெறுமனே அனுப்பிட்டான். சாயங்காலம் உசுரு போயிடுச்சு.

— சொன்னேன். இல்லேங்கல. அந்தப் பாவம் என் தலையில. ஆனா காலையில உங்க ஆபீஸ்காரங்க வந்து என்ன எழுதிட்டுப் போனாங்க? கோயில் கூழுதான் காரணமாம். அது கோயில் கெணத்துத் தண்ணியில காய்ச்சினது. மேலத்தெருவுல வூட்டுக்கு வூடு குடிச்சாங்க. ஒருத்தருக்காவது வயித்த வலிச்சுதா?

— கூழப் பத்திப் பேச நான் வரல. கீழத்தெருவுல இன்னும் பதினோரு பேரு சுருண்டு கெடக்காங்க. ரெண்டு பச்சப்புள்ளைங்க. கோயில் மைக்குல நீங்க சொன்னாத்தான் வண்டியில ஏறுவாங்க.

— ஏன், உங்க கவர்மெண்டு சொல்லட்டுமே. கீழத்தெருவுக்குப் போற பைப்பு சாக்கடைக்குள்ள ஒடைஞ்சு கெடக்குன்னு மூணு மாசமா மனு கொடுத்தோம். எவன் வந்து எட்டிப் பாத்தான்?

— அந்தக் கோவத்த அவங்ககிட்ட காட்டுங்க. இப்ப மைக்க எடுங்க.

— எடுக்குறேன். என் கையில இருக்குற காப்ப அறுத்துட்டே சொல்றேன், ஆத்தா என்னையே கேக்கட்டும். எல்லாரும் வண்டியில ஏறுங்க, கொழாத் தண்ணியத் தொடாதீங்கன்னு சேத்துச் சொல்லுவேன். அப்படிச் சொன்னா கூழ் இல்ல, தண்ணிதான்னு ஆயிடும். உங்க ஆபீஸ் ஒத்துக்குமா?

— சொல்லுங்க. தண்ணிதான். இந்தாங்க, கீழத்தெருக் கொழாத் தண்ணியச் சோதிச்ச ரிப்போர்ட்டு.

— எழுத்து பொடியா இருக்கு. நீயே படிம்மா.

— குடிக்கத் தகுதியில்லாத தண்ணின்னு போட்டிருக்கு.

— ஆண்டாயி செத்தப்புறம் சோதிச்சாங்களா?

— இல்லீங்க. மேல சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காதேன்னாங்க. பன்னண்டு நாளா இதப் பையில வச்சுக்கிட்டுத்தான் அவங்க தெருவுல நடந்தேன்.