ஹஸ்மி வகுத்த எண்

— சுருக்காச் சொல்லுங்க, ஹஸ்மி. உங்கட லொறி தராசில நிக்குது. பின்னுக்கு இன்னும் நாலு சீமெந்து லொறி.

— உங்கட எண்ணை வகுத்து முடிச்சிட்டன், பஹ்மியா மிஸ். 73939133. ஒண்டையும் தன்னையும் விட்டா, வேற எதாலயும் வகுபடுதில்ல.

— எந்த எண்?

— எட்டு மாசத்துக்கு முந்தி, இதே தராசுக் கந்தோர் யன்னலில நிண்டு உங்களக் கலியாணம் கேட்டன். நீங்க இந்த எண்ண எழுதித் தந்து, "மீதியில்லாம இத வகுக்கிற எண் ஒண்டு கொண்டு வாங்க, கையால செய்யோணும், பிறகு கதைப்பம்" எண்டீங்க.

— அல்லாஹ்வே! அத உண்மையாவே செய்தீங்களா?

— துறைமுக வரிசையில நிக்கிற நேரமெல்லாம். முதல்ல பயந்திட்டன், ஏழு கோடி தரம் வகுக்கோணுமோ எண்டு. பிறகு சீனன்குடாச் சந்தியில வச்சு விளங்கிச்சு. எட்டாயிரத்து அறுநூறுக்கு மேல போகத் தேவையில்ல. அத அதாலயே பெருக்கினா உங்கட எண்ணத் தாண்டிடும். அதுக்கு மேல ஒரு எண் வகுத்தா, விடை அதுக்குக் கீழ வரும். கீழ உள்ளதெல்லாம்தான் பாத்தாச்சே.

— ஆர் உங்களுக்கு இதச் சொல்லித் தந்தது?

— ஒருத்தரும் இல்ல. ஏன், பிழையா?

— பிழையில்ல. கம்பசில எங்களுக்கு ஒரு முழு விரிவுரை எடுத்தது இது.

— மிச்சத்தக் கேளுங்க. மழையில கொப்பி நனைஞ்சு கடைசி இலக்கம் 3 அழிஞ்சிட்டுது. தெரியாம 7393913ஐ ஒரு மாசமா வகுத்தனான். அதுவும் அசையேல்ல!

— அதுவும் முதன்மை எண்ணா?

— ஓம். வேணுமெண்டே இன்னொண்ட வெட்டினன். 739391. உடையேல்ல. 73939, 7393, 739, 73, 7. வால வெட்ட வெட்ட மிஞ்சுறதும் உடையாது, மிஸ். லொறிய ஓரமா நிப்பாட்டிப் போட்டு எட்டு எண்ணையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதிப் பாத்தன்.

— பொறுங்க, போனில பாக்கிறன்... 739391... ஓம். 7393913... ஓம்! இந்த வால் வெட்டுற விசயம் எனக்கே தெரியாது, ஹஸ்மி. ஏதோ பட்டியலில கண்ணில பட்டத எழுதித் தந்தன்.

— பின்னால இன்னொரு இலக்கம் ஒட்டியும் பாத்தன். எத ஒட்டினாலும் உடையுது. அதோட முடிஞ்சுது. ஒருத்தரும் செய்து வைக்கேல்ல, தானா அப்பிடி இருக்குது. நாங்க பிறக்க முந்தியும் அப்பிடித்தானே இருந்திருக்கும்?

— ஹஸ்மி, வகுபடாதெண்டு தெரிஞ்சுதான் தந்தனான். உங்களத் துரத்த.

— தெரியும்.

— தெரியுமா? எப்ப?

— பாதி வழியிலயே. ஏலாதெண்டுறத மரியாதையாச் சொல்லியிருக்கிறீங்க எண்டு விளங்கிச்சு.

— பிறகேன் வகுத்தீங்க?

— விட மனம் வரேல்ல. கோவிக்காதீங்க மிஸ், அதுக்குப் பிறகு வகுத்தது எண்ணுக்காகத்தான், உங்களுக்காக இல்ல. இனிக் கலியாணக் கதை எடுக்க மாட்டன். இன்னொரு எண் மட்டும் தாங்க.

— பின்னுக்கு ஹோண் அடிக்கிறாங்க. லொறிய எடுங்க.

— எண்?

— வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய குறிஞ்சாக்கேணிக்கு, எங்கட வீட்ட வாங்க. வாப்பாட்ட நான் இண்டைக்கே கதைக்கிறன்.