சம்பந்திக்கும் கொஞ்சம் இடம்

பொண்ணு அம்மா: …கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா நானும் ஓரமா ஒட்டிக்குவேன்.

பையன் அம்மா: இது ஒருத்தர் உக்கார்ற நாற்காலிங்க.

பொண்ணு அம்மா: அகலமான நாற்காலி. நான் தையல் கடை வச்சிருக்கேன், பார்த்தாலே அளவு சொல்லிடுவேன். நீங்க பாதி, நான் பாதி, நடுவுல உங்க கைப்பை. தாராளமா போதும்.

பையன் அம்மா: என் இடுப்பை அளக்க நீங்க யாருங்க… அட. சம்பந்தியா?

பொண்ணு அம்மா: நீங்களா… முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்.

பையன் அம்மா: தெரிஞ்சிருந்தா?

பொண்ணு அம்மா: நின்னுக்கிட்டே இருந்திருப்பேன்.

பையன் அம்மா: இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல.

பொண்ணு அம்மா: உக்காந்தாச்சே சம்பந்தி. வேற இடம் எங்க இருக்கு, நீங்களே பாருங்க. சூட்கேஸ் மேல உக்காந்திருக்காங்க. பூந்தொட்டி விளிம்புல ஒருத்தர் சூப் குடிச்சுக்கிட்டிருக்காரு. இந்த ஏர்போர்ட் லவுஞ்ச் வாசல்ல வரிசை இன்னும் குறையல.

பையன் அம்மா: ஆளாளுக்கு ஒரு கார்டு வச்சிருக்காங்க. தேய்ச்சுட்டு ஓசியில சாப்பிட உள்ள வந்துடறாங்க.

பொண்ணு அம்மா: நீங்க எப்படி வந்தீங்க?

பையன் அம்மா: …கார்டைத் தேய்ச்சுத்தான். உங்க பொண்ணு வாங்கிக் கொடுத்த கார்டு.

பொண்ணு அம்மா: எனக்கு அவ ஒண்ணும் வாங்கித் தரலையே.

பையன் அம்மா: உங்க கையில இருக்கிறது?

பொண்ணு அம்மா: இது மாப்பிள்ளை கொடுத்தது.

பையன் அம்மா: என் பையனா… பெத்தவளுக்கு இல்லாம மாமியாருக்கா?

பொண்ணு அம்மா: உங்களுக்குத்தான் மருமக கொடுத்துட்டாளே. கொஞ்சம் அப்படி நகருங்க, கைப்பிடி குத்துது.

பையன் அம்மா: இதுக்கு மேல நகர்ந்தா நான் கீழதான் விழணும். ஒன்றரை வருஷமா பேச்சு இல்ல, இப்ப மடியில வந்து உக்காந்திருக்கீங்க.

பொண்ணு அம்மா: பேச்சை நிறுத்தினது நீங்க.

பையன் அம்மா: நான் நிறுத்தல. நீங்க பேசல, அதனால நானும் பேசல.

பொண்ணு அம்மா: நீங்க பேசாததாலதான் நான் பேசல.

பையன் அம்மா: சரி விடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணையேதான் பண்ணியிருக்கோம்… எங்க கிளம்பிட்டீங்க?

பொண்ணு அம்மா: தங்கச்சி வீட்டுக்கு. நீங்க?

பையன் அம்மா: டூர். என்கூட ஸ்கூல்ல வேலை பார்த்தாங்களே, அந்த டீச்சருங்க எல்லாம் சேர்ந்து.

பொண்ணு அம்மா: எங்க, ஒருத்தரையும் காணோம்?

பையன் அம்மா: அவங்க… வேற பிளைட்ல வர்றாங்க.

பொண்ணு அம்மா: எல்லாரும் ஒரு பிளைட், ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் தனி பிளைட்டா?

பையன் அம்மா: மரியாதை இருக்கணும்ல. அது சரி, உங்க தங்கச்சி உங்களுக்கு அடுத்த தெருவுலதானே குடியிருந்தாங்க?

பொண்ணு அம்மா: வீடு மாறிட்டா.

பையன் அம்மா: பிளைட் ஏறிப் போற தூரத்துக்கா?

பொண்ணு அம்மா: வாடகை கம்மியாம்.

பையன் அம்மா: ம்… உங்க பையில இருந்து ஏதோ வெளிய எட்டிப் பார்க்குது பாருங்க. மஞ்சள் துணி.

பொண்ணு அம்மா: கைக்குட்டை.

பையன் அம்மா: கைக்குட்டைக்கு ரெண்டு கை வச்சுத் தச்சிருக்கு.

பொண்ணு அம்மா: …புது மாதிரி. பையை விடுங்க நீங்க.

பையன் அம்மா: சின்ன கைதான். பொறந்த குழந்தைக்கு ஆகும்.

பொண்ணு அம்மா: பொறந்த குழந்தைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ரெண்டாவதா பொறந்த பேத்தியைப் பார்த்தீங்களா?

பையன் அம்மா: வீடியோவுல பார்த்தேன். மூக்கு அப்படியே எங்க வீட்டு மூக்கு.

பொண்ணு அம்மா: அதுக்கு இன்னும் மூக்கே சரியா முளைக்கல. அதுக்குள்ள பங்கு போடறீங்க.

பையன் அம்மா: முளைச்சப்புறம் நீங்க விடணுமே.

பொண்ணு அம்மா: நான் எங்க குறுக்க வரப்போறேன்… போக வேண்டியவங்க போகட்டும், பார்க்க வேண்டியவங்க பார்க்கட்டும். நமக்கென்ன.

பையன் அம்மா: அதையேதான் நானும் நினைச்சுக்கிட்டேன். கொடுத்து வச்சவங்க போறாங்க.

பொண்ணு அம்மா: ஆமாமா. கொடுத்து வச்சவங்க.

பையன் அம்மா: எதுக்கு அதையே ரெண்டு தடவை சொல்றீங்க?

பொண்ணு அம்மா: நீங்கதான் முதல்ல சொன்னீங்க… சம்பந்தி, எனக்குக் கால் மரத்துப் போச்சு. இப்படியே இருந்தா பிளைட்டுக்கு என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்.

பையன் அம்மா: எனக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல. எதிர்ல பாருங்க. மூணு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு ஒரு மனுஷன் ஷூவைக் கழட்டிட்டு அரசர் மாதிரி தூங்கறான்.

பொண்ணு அம்மா: நான் வந்ததுல இருந்து பார்க்கறேன். பாவம்னு யாரும் எழுப்பல.

பையன் அம்மா: பாவமா? நாற்காலி பாவமில்லையா?

பொண்ணு அம்மா: உங்களுக்குத்தான் அந்தக் குரல் இருக்கே. ஸ்கூல்ல பின் பெஞ்சுல தூங்கறவனைக்கூட எழுப்பிடும்னு உங்க பையன் சொல்வாரு.

பையன் அம்மா: அதட்டக் கூடாது. சண்டைக்கு வருவான். வேற வழி இருக்கு. நான் சொல்றதுக்கு நீங்க ஒத்து ஊதினாப் போதும்.

பொண்ணு அம்மா: ஊதறேன். ஆரம்பிங்க.

பையன் அம்மா: அடடா சம்பந்தி, கடைசி அழைப்பு விட்டுட்டாங்களாமே. கதவைச் சாத்தப் போறாங்களாம்.

பொண்ணு அம்மா: ஆமாங்க, இனிமே ஒருத்தரையும் ஏத்த மாட்டாங்களாம். ஓடினாத்தான் உண்டு.

பையன் அம்மா: தூங்கிட்டிருக்கிறவங்க பாடுதான் கஷ்டம்.

பொண்ணு அம்மா: …எழுந்துட்டாரு. ஷூவைக் கையில எடுத்துட்டாரு. ஓடறாரு சம்பந்தி, ஓடறாரு.

பையன் அம்மா: பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. அந்த ஓரத்தை நீங்க பிடிங்க, இந்த ஓரத்தை நான். நடுவுல பையைப் போடுங்க.

பொண்ணு அம்மா: அப்பாடா… காலை நீட்டி எவ்வளவு நேரமாச்சு. எந்த பிளைட்டுன்னு நாம சொல்லவே இல்லையே?

பையன் அம்மா: அவர் கேக்கவும் இல்லையே.

பொண்ணு அம்மா: நிஜமாவே உங்களுக்கு நல்ல மூளை சம்பந்தி. இந்தாங்க, கேக். வரிசையில நின்னு வாங்கினது. பாதி சாப்பிடுங்க.

பையன் அம்மா: உங்களுக்கும் குரல் நல்லாத்தான் வருது. ‘ஓடினாத்தான் உண்டு’ன்னு சொன்னீங்களே, எனக்கே எழுந்து ஓடணும் போல ஆயிடுச்சு.

பொண்ணு அம்மா: சிரிக்க வைக்காதீங்க, கேக் புரையேறுது… உங்களுக்கு பிளைட் கூப்பிடலையா இன்னும்?

பையன் அம்மா: மெதுவாத்தான். உங்களுக்கு?

பொண்ணு அம்மா: எனக்கும் மெதுவாத்தான். நீங்க வேணா கிளம்புங்க. பையை நான் பார்த்துக்கறேன்.

பையன் அம்மா: நான் கிளம்பறப்ப பையும் என்கூடத்தானே வரும்? நீங்க முதல்ல கிளம்புங்க. தங்கச்சி காத்துக்கிட்டிருப்பாங்க.

பொண்ணு அம்மா: அவ காத்திருப்பா. டீச்சருங்கதான் பாவம்.

பையன் அம்மா: அப்ப ரெண்டு பேரும் உக்காந்திருப்போம்.

பொண்ணு அம்மா: உக்காந்திருப்போம்… சம்பந்தி, திரும்பாதீங்க. அந்த மனுஷன் வர்றாரு. கூட லவுஞ்ச்ல வேலை செய்யற பொண்ணையும் கூட்டிட்டு வர்றாரு.

தூங்கினவர்: இவங்க ரெண்டு பேரும்தான். கடைசி அழைப்புன்னு சொல்லி என்னை விரட்டி விட்டுட்டாங்க. கேட் வரைக்கும் வெறுங்காலோட ஓடினேன். என் பிளைட் இன்னும் வரவே இல்ல.

பையன் அம்மா: நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிட்டிருந்தோம் தம்பி. உங்களை யாரு ஒட்டுக் கேக்கச் சொன்னது?

லவுஞ்ச் பெண்: யாரும் கோபப்படாதீங்க. இன்னிக்குக் கூட்டம் தாங்கல. வெளிய இன்னும் நிறைய பேர் நிக்கறாங்க. பிளைட் கூப்பிட்டவங்க எழுந்து இடம் கொடுத்துடணும்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வர்றேன். போர்டிங் பாஸைக் கொஞ்சம் காட்டுங்கம்மா.

பொண்ணு அம்மா: முதல்ல அவங்களோடதைப் பாருங்க. பெரியவங்க.

பையன் அம்மா: ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான். அவங்களோடதையே பாருங்க.

லவுஞ்ச் பெண்: ரெண்டையும் ஒண்ணாக் கொடுத்துடுங்க… என்னம்மா, இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா எப்படிப் பார்க்கறது? ம்… சரியாப் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பிளைட். ஏறச் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நேரமாச்சு. ஏழாம் கேட்டுக்குப் போங்க. சார், நீங்க உக்காருங்க. ஒரு நாற்காலி மட்டும்.

தூங்கினவர்: ஒரு நாற்காலியில எப்படிப் படுக்கறது?

லவுஞ்ச் பெண்: உக்காரத்தான் சொன்னேன் சார்.

பையன் அம்மா: …தங்கச்சி வீடு.

பொண்ணு அம்மா: டீச்சருங்க டூர்.

பையன் அம்மா: வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம். என் பையன் ஊருக்குத்தான் போறேன்னு நேராச் சொன்னா நான் என்ன காலைப் பிடிச்சா இழுக்கப் போறேன்? உங்களைக் கூப்பிட்டாங்க, போயிட்டு வந்தீங்க, இப்ப மறுபடியும் போறீங்க. அதுக்கு எதுக்கு ஒளிவு மறைவு?

பொண்ணு அம்மா: என்னைக் கூப்பிட்டாங்களா? கூப்பிட்டது உங்களைத்தானே?

பையன் அம்மா: என்னையா?

பொண்ணு அம்மா: மாப்பிள்ளையே போன்ல சொன்னாரு. ‘எங்க அம்மா வந்து எல்லாத்தையும் பார்த்துக்கறாங்க அத்தை. வீடு சின்னது, நீங்க அப்புறமா மெதுவா வாங்க’ன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சரின்னு போனை வச்சுட்டு, தைச்ச துணியையே பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுக்கிட்டிருந்தேன்.

பையன் அம்மா: இருங்க, இருங்க… உங்க பொண்ணு என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? ‘எங்க அம்மா வந்துட்டாங்க அத்தை. நீங்க இந்த முட்டியை வச்சுக்கிட்டு அலையாதீங்க’ன்னு.

பொண்ணு அம்மா: நான் போகவே இல்லையே.

பையன் அம்மா: நானும் போகலையே.

பொண்ணு அம்மா: அப்ப… வீடியோவுல குழந்தைக்குப் பின்னாடி நைட்டி போட்டுக்கிட்டு ஒரு அம்மா போனாங்களே?

பையன் அம்மா: அது நீங்கன்னு நினைச்சேன். முதுகைப் பார்த்து பல்லைக் கடிச்சேன்.

பொண்ணு அம்மா: அது நீங்கன்னு நான் கடிச்சேன்.

பையன் அம்மா: சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்காங்க சம்பந்தி. நம்ம ரெண்டு பேர் வாயையும் நம்மளை வச்சே அடைச்சிருக்காங்க.

பொண்ணு அம்மா: கூட்டுக் களவாணிங்க… நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல. போன தடவை மூத்த குழந்தையைக் குளிப்பாட்டுற தண்ணி சூடுன்னு நீங்க பச்சைத் தண்ணியை ஊத்த, ஆறிடுச்சுன்னு நான் வெந்நீரை ஊத்த, தொட்டி நிறைஞ்சு வீடெல்லாம் ஓடுச்சு. குழந்தை சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. உங்க பையன்தான் அழுதாரு.

பையன் அம்மா: அவன் சின்ன வயசுலயும் அப்படித்தான். சட்டுனு அழுதுடுவான்.

பொண்ணு அம்மா: இப்ப என்ன பண்றது சம்பந்தி? கூப்பிடாத வீட்டுக்கு ரெண்டு பேரா போய் நிக்கறதா?

பையன் அம்மா: …எனக்கும் மனசுல குத்தத்தான் செய்யுது. ஆனா அந்த மூக்கை நான் நேர்ல பார்த்தாகணும்.

பொண்ணு அம்மா: எனக்குத் தூக்கணும். பார்த்தா மட்டும் பத்தாது.

பையன் அம்மா: அப்புறம் என்ன, நடங்க. ஏழாம் கேட் அதோ தெரியுது.

பொண்ணு அம்மா: ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாமா? பச்சை உடம்புக்காரி, திடுக்குன்னு ஆயிடப் போகுது.

பையன் அம்மா: சொன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது கிளம்பிடுவாங்க. கதவைத் தட்டிட்டே சொல்லிக்கலாம். நீங்க முன்னாடி நில்லுங்க, நான் பக்கத்துல மறைஞ்சு நிக்கறேன். கதவைத் திறந்து உங்களைப் பார்த்து முழிக்கறப்ப நான் மெதுவா எட்டிப் பார்க்கறேன்.

பொண்ணு அம்மா: உங்க பையன் மறுபடியும் அழுவாரு.

பையன் அம்மா: அழட்டும். நாம சண்டை போடாம இருந்தா தானா அடங்கிடுவான். என்ன, ஒரு வாரம் ஒண்ணா இருப்போமா? அதுக்கு மேல இருந்தா அவங்களுக்கும் தொந்தரவு, நமக்கும் பழசெல்லாம் கிளம்பிடும். போகும்போது சேர்ந்தே திரும்பிடலாம்.

பொண்ணு அம்மா: நல்ல யோசனைதான்.

பையன் அம்மா: உங்களுக்குத் திரும்பற டிக்கெட் என்னிக்கு?

பொண்ணு அம்மா: எனக்கா… முதல்ல உங்களோடதைச் சொல்லுங்க.

பையன் அம்மா: கேட்டது நான்.

பொண்ணு அம்மா: …நான் போறதுக்கு மட்டும்தான் போட்டேன் சம்பந்தி. திரும்பறதுக்குப் போடல.

பையன் அம்மா: நானும்தான்.