அந்த வளைவு என்னுடையது

உங்கள் பூட்ஸின் இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, சார்ஜென்ட். ஒரு துண்டுத் தோல் வைத்து அடித்தால் இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கும். குறையாகச் சொல்லவில்லை. நான் செருப்புத் தைக்கிறவன். எதிரில் யார் உட்கார்ந்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். பெயர் ஆர்வோ லெஹ்தோ. 1946-லிருந்து பதினோரு வருஷமாக லார்ச் ஃபால்ஸ் சுரங்க அணியின் ஐஸ் ஹாக்கிச் சாமான்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கேட் தீட்டுவது, கால்காப்புக்கு மான்மயிர் அடைப்பது, மட்டைக்கு நாடா சுற்றுவது, எல்லாம்.

நேற்று வாசில் ஹிரின்சுக் இந்த மட்டையைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் போட்டு, "என்னாலதான் வளைஞ்சுது, என்னப் புடிச்சு உள்ள போடுங்க"ன்னு அழுதானாம். ஈர மட்டையை ஹீட்டர் பக்கத்தில் சாத்தி வைத்ததால் வளைந்துவிட்டது என்றானாம். நல்ல பையன். சுரங்கத்தில் இரண்டு ஆள் வேலையை ஒருவனாகச் செய்வான். ஆனால் ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அவன் கைபட்டு இது உண்டானது என்று ஒரு அரசாங்கக் காகிதத்தில் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் கடையைப் பூட்டிவிட்டு நானே வந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வளைவு என்னுடையது.

முதலில் நான் செய்த முகக்கவசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன இலையுதிர் காலத்தில் நம் கோல்கீப்பர் நோர்மான் திபோவைக் கடையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தில் மாவுக்கட்டுச் சாந்து ஊற்றி அச்சு எடுத்தேன். மூக்கில் இரண்டு வைக்கோல் குழாய் செருகியிருந்தேன். ஆனாலும் வாய் மூடிய நிலையில் சிரித்துச் சிரித்து இரண்டு முறை அச்சைக் கெடுத்தான். அந்த அச்சின் மேல் கண்ணாடி நார்த்துணியை ஒட்டி, பிசின் தடவி, ஏழு அடுக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூச்சுக்கு எட்டு. சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தேன், சுத்தியல்தான் எகிறியது. இந்த நாட்டில் அப்போது எந்த கோல்கீப்பரும் ஆட்டத்தில் முகத்தை மூடி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நவம்பரில் உடை மாற்றும் அறைக்குக் கொண்டுபோனேன். கோச் டன்கன் மக்ரே அதை வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார்.

"ஏய் ஆர்வோ, இதப் போட்டுக்கிட்டு நின்னா பேங்க்குல திருட வந்தவன்னு நெனச்சுக்குவானுங்க. காலடியில கெடக்குற வட்டு தெரியுமாடா இதுல?"

"தெரியும். குனிஞ்சா தெரியும்."

"குனியறதுக்குள்ள மூணு கோல் விழுந்திருக்கும். பயந்தவன எவன்டா கோலுல நிறுத்துவான்? எடுத்துட்டுப் போ. ஒன் பொண்டாட்டிக்கு மாட்டி விடு."

எல்லாரும் சிரித்தார்கள். நோர்மானும் சிரித்தான். "மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னா எங்கப்பன் என்னப் புள்ளைன்னே சொல்ல மாட்டான்பா" என்றான். நானும் சிரித்தேன். கவசத்தைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் பொண்டாட்டி இறந்து நாலு வருஷம் ஆகிறது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

உங்களுக்கும் தெரியும், ஒரு அணிக்கு ஒரே கோல்கீப்பர்தான். அவன் முகத்தில் அந்தக் கெட்டி ரப்பர் வட்டு பட்டால் ஆட்டம் நிற்கும். டாக்டர் உள்ளே கூட்டிப்போய்த் தைப்பார், நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். ஜனங்கள் அதற்குள் காபி குடித்துவிட்டு வருவார்கள். தையலோடு அவன் திரும்பி வரும்போது ஒரு கைதட்டல் எழும் பாருங்கள், கோல் போட்டவனுக்குக்கூட அப்படி விழாது. டிசம்பரில் நோர்மானுக்குப் புருவத்தில் ஒன்பது தையல், ஜனவரியில் மேலுதட்டில் பதினான்கு. இரண்டு தடவையும் நான் கவசத்தைப் பற்றிப் பேசினேன். இரண்டு தடவையும் கைதட்டல் ஜெயித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. உலகத்தில் ஒரு நல்ல பொருள் துணிக்குள் கிடக்கிறது, ஊர் ரத்தத்துக்குக் கைதட்டுகிறது.

பொறுமையாக யோசித்தேன். ஏன் இவர்கள் கவசமில்லாமல் சமாளிக்கிறார்கள்? மட்டை நேராக இருப்பதால்தான். நேரான மட்டை பொய் சொல்லாது. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் வட்டு போகும். பழகியவன் கண்ணால் பார்த்தே முகத்தை விலக்கிக்கொள்வான். அந்த வசதி இருக்கிறவரை என் கவசத்தை யாரும் சீந்தப்போவதில்லை. குறை என் பொருளில் இல்லை, ஆட்டத்தில் இருந்தது. ஆட்டத்தைச் சரிசெய்தேன், அவ்வளவுதான்.

வாசிலின் மட்டையை எடுத்துக் கெட்டில் ஆவியில் அரைமணி நேரம் காட்டி, வட்டை அடிக்கும் அதன் அலகைக் கடைக் கதவுக்கு அடியில் செருகி, மூன்று நாள் விட்டேன். கரண்டி மாதிரி வளைந்தது. கடைக்குப் பின்னால் நானே அடித்துப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, தோள் சரியில்லை. ஆனாலும் வட்டு இடுப்பளவில் கிளம்பி, வேலிக்குப் பக்கத்தில் திடீரென்று தலைக்கு மேல் ஏறிப்போனது. அடித்த எனக்கே அது எங்கே போகும் என்று தெரியவில்லை. பத்து தடவை அடித்தேன், பத்தும் வேறு வேறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. கவசத்தைச் செய்தபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில் வாசிலிடம் கொடுத்தேன்.

"என்னய்யா இது, சூப் குடிக்கறதுக்கா?" என்றான்.

"ஹீட்டர் பக்கத்துல சாத்திட்டுப் போனியே, வளையாம என்ன பண்ணும்? இன்னிக்கு இத வெச்சு ஓட்டு. நல்லா பலமா அடி, அதுவா நேராயிடும்."

அவன் நம்பினான். அவன் எதையும் நம்புவான். முதல் இரண்டு அடியிலும் வட்டு நோர்மானின் தோளுக்கு மேல் வலைக்குள் போனது. நோர்மான், "டேய் வாசில், காலைலயே என்னத்தக் குடிச்ச?" என்று கத்தினான். கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். மூன்றாவது, முழங்கால் உயரத்தில் கிளம்பியது. நோர்மான் தடுக்கக் குனிந்தான். இடது கண். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் கீழே விழவுமில்லை. முட்டி போட்டு, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஆட்டத்த நிறுத்தாதீங்க, வந்துர்றேன்" என்றான். பயிற்சி என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. இந்தத் தடவை தைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். இனி கோலில் நிற்க முடியாது, ஒற்றைக் கண்ணனைச் சுரங்கத்துக்குள்ளும் இறக்கமாட்டார்கள்.

மறுநாள் மதியம் மக்ரே என் கடைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "அந்தச் சனியன இன்னும் வெச்சிருக்கியா, ஆர்வோ?" என்றார். துணியைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் அழுதார், நான் காபி போட்டுக் கொடுத்தேன். வியாழக்கிழமை புதுக் கோல்கீப்பர் அதை மாட்டிக்கொண்டு ஐஸில் இறங்கினான். நோர்மானின் அச்சு என்பதால் கன்னத்தில் கொஞ்சம் உறுத்தியது. அரம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இந்த வாரம் மட்டும் மூன்று ஊர் அணிகளிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். நாலைந்து வருஷம் கழித்துப் பாருங்கள், வெறும் முகத்தோடு நிற்பவனைத்தான் பைத்தியம் என்பார்கள். எத்தனை கண், எத்தனை பல், எத்தனை மூக்கு மிச்சமாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் உங்கள் முகம் இப்படி இருக்காது.

இல்லை, அந்தக் காகிதத்தை மறைக்க வேண்டாம். நோர்மான் ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கும் தெரியும். அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்னால் என் கடைக்கு வந்தான்.

"கோச் கெடக்கான் விடு, ஆர்வோ. வீட்டுல இவெட் முழுகாம இருக்கா, மூணு மாசம். தூங்க விடமாட்டேங்கறா. அத எடு, இன்னிக்கே மாட்டிக்கறேன்."

"புதுசா ஒரு பூச்சு குடுத்திருக்கேன், காயல. நாளைக்கு வா."

"நாளைக்கா? சரி. மறந்துடாத" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பூச்சு எதுவும் இல்லை. கவசம் வார் மாட்டித் தயாராக என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆனால் நீங்களே யோசியுங்கள். காலியான அரங்கத்தில், ஒரு பயிற்சியில், வட்டு கவசத்தில் பட்டு விழுந்திருந்தால் யாருக்கு என்ன தெரியும்? ஒரு கீறல் விழுந்திருக்கும். கீறலைப் பார்த்து மக்ரே மாதிரி ஆள் மாறுவாரா? ஒன்றும் ஆகாமல் போனதை எந்த ஊரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு நாள் அது இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்த நாளைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? வாசிலின் பெயரை அடித்துவிட்டீர்களா, நன்றி. ஆனால் நோர்மானுக்கு நான் கெடுதல் செய்தேன் என்று அந்த வரியில் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். அவனைக் காப்பாற்ற இந்த ஊரில் ஏதாவது செய்தவன் நான் ஒருவன்தான். அவன் மட்டும் என் கவசத்தைப் போட்டிருந்தால் இன்றைக்கு அந்தக் கண் இருந்திருக்கும்; யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.