வலது கன்னத்துக் குப்பி

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். அது பொங்குவதற்குள் பல் துலக்கிவிடுவேன். என் மனைவி பாதித் தூக்கத்தில் வந்து குளியலறையில் கிடக்கும் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருவாள். அவள் முகத்தைக் கழுவிவிட்டு, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுப்பேன். தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சீரம் போட வேண்டும். ஈரத்தில் போட்டால் சுள்ளென்று எரியும். இடது கன்னத்துக்கு ஒரு குப்பி. வலது கன்னத்துக்கு ஒரு குப்பி. பிறகு காபி குடித்துவிட்டு அவள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள், நான் கம்பெனிக்குப் போவேன்.

நீங்கள் கேட்பது வலது கன்னத்துக் குப்பியைப் பற்றி. என் கொழுந்தியாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், அதில் என்ன கலந்திருந்தது என்று தெரிந்தால்தான் டாக்டர்கள் சரியான மருந்தைக் கொடுக்க முடியும், சீக்கிரம் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். வரிசையாகச் சொன்னால்தான் புரியும். நான் வேதியியல் படித்தவன். விடையை மட்டும் எழுதி வைத்தால் எங்கள் பேராசிரியர் மதிப்பெண் போட மாட்டார்.

நான் உருவாக்கிய சீரத்தில் முதலில் இருப்பது காய்ச்சி வடித்த தண்ணீர். அதற்கு அடுத்தது வைட்டமின் சி. புளிப்புள்ள அமிலம்தான், தோலில் இறங்க வேண்டுமென்றால் அந்தப் புளிப்பு இருந்தாக வேண்டும். வெயிலும் புகையும் தோலுக்குச் செய்யும் கெடுதலை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். கரும்புள்ளிகளை மெல்ல மங்கவைக்கும். மெல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் அந்த வார்த்தை வராது. காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். அதனால் பழுப்புக் கண்ணாடிக் குப்பி, அதனால் ஃப்ரிட்ஜ். வைட்டமின் ஈ, ஃபெருலிக் அமிலம் இரண்டும் அது சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொள்ள. கிளிசரின் ஈரப்பதத்துக்கு. லேபிளில் இவ்வளவுதான் இருக்கும். ஒவ்வொன்றும் நல்ல பொருள். ஒன்றுகூட யாரையும் கொன்றதில்லை.

போன் அடிக்கிறது. எடுங்கள், நான் இருக்கிறேன்.

கம்பெனியில் கீழே பேக்கிங், மாடியில் என் லேப். முதலாளி ஷாம்பு விற்று முன்னுக்கு வந்தவர். சீரத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. “போட்டோல தெரியணும்ப்பா. கண்ணுக்குத் தெரியாதத எப்படி விக்கிறது? காத்தப் பிடிச்சு பாட்டில்ல அடைக்கச் சொல்றியா?” என்றார். போட்டோவில் தெரியாவிட்டால் மாடியைக் காலி செய்து ஷாம்பு அட்டைப்பெட்டிகளை அடுக்கப் போவதாகவும் சொன்னார். மாமனார் வீட்டில் என்னை விஞ்ஞானி என்றுதான் சொந்தக்காரர்களிடம் அறிமுகப்படுத்துவார்கள். அட்டைப்பெட்டி எண்ணும் விஞ்ஞானியாக எனக்கு விருப்பமில்லை.

எங்கள் தொழிலில் பாதி முகச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரே ஆளின் ஒரு கன்னத்தில் மருந்து சேர்த்த சீரம், மறு கன்னத்தில் மருந்து சேர்க்காதது. சாப்பாடு, தூக்கம், வெயில் எல்லாம் இரண்டு கன்னத்துக்கும் பொது. அப்படியும் வித்தியாசம் தெரிந்தால் அது சீரத்தின் வேலை. நேர்மையான சோதனை. வெளியாட்களைக் கூப்பிட முதலாளி சம்மதிக்கவில்லை. வீட்டில் ஒரு முகம் இருந்தது.

“ஏன், உங்களுக்கு எலி கிடைக்கலையா?” என்று அவள் கேட்டாள்.

“எலிக்குக் கன்னம் சின்னது” என்றேன்.

சிரித்தாள். அப்போதெல்லாம் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

பல வாரங்கள் போட்டோ எடுத்தேன். ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம். முதலாளி படங்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். “ரெட்டைப் பிள்ளைங்க மாதிரில்ல இருக்கு ரெண்டு கன்னமும்? எது உன் மருந்து, எது பச்சைத் தண்ணி?” என்றார். பேக்கிங் பெண்கள் முன்னால் கேட்டார். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் அட்டைப்பெட்டிகளை மாடிப்படி வரை ஏற்றிவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு முன்னால் முகத்தை வெளுக்கவைக்கும் க்ரீம் செய்தவர்கள் இருந்தார்கள். அரசு தடை போட்டதும் கடையைக் கட்டிவிட்டார்கள். ஸ்டோர் ரூம் பரணில் அவர்கள் விட்டுப்போன டப்பா ஒன்று கிடந்தது. உள்ளே வெள்ளைப் பொடி. எதற்காகத் தடை போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க நான் இங்கே வரவில்லை.

அது வைட்டமின் சி-யோடு ஒத்துப்போகாது. இரண்டையும் சேர்த்தால் கறுத்துவிடும். அதனால் வைட்டமின் சி-யை எடுத்துவிட்டேன். வலது கன்னத்துக் குப்பியில் அதன் பிறகு லேபிள் மட்டும்தான் வைட்டமின் சி. நான் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. வைட்டமின் சி மெதுவாகச் செய்யப்போகிற வேலையை இது சீக்கிரம் செய்தது. பலனைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

அவள் மட்டும் கவனித்தாள். “முன்னாடி தெளிவா இருந்துச்சு. இப்ப என்ன, மோர் மாதிரி இருக்கு?”

“புது ஃபார்முலா. கண்ண மூடு.”

“கெட்டுப்போயிடும்னு ஃப்ரிட்ஜுக்குள்ள பூட்டாத குறையா வைப்பீங்க. இத வெளியவே வெச்சிருக்கீங்க?”

“இது சீக்கிரம் கெடாது.”

அதுவும் உண்மை.

வலது கன்னம் பளிச்சென்று ஆனது. முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பேக்கிங் அக்கா ஒருத்தி, “சார் வீட்ல பல்பே போட வேண்டாம் போலருக்கே” என்றாள். அட்டைப்பெட்டிகள் கீழே இறங்கின.

அவளுக்குத்தான் கஷ்டம். கடையில் நாள் முழுக்கக் கண்ணாடிக்கு எதிரே நிற்கிறவள். “கண்ணு டெஸ்ட் பண்ண வர்றவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு, தங்களுக்குத்தான் ஒரு கண்ணு சரியில்லைன்னு நினைச்சுக்கிறாங்க. ஒரு பக்கம் ஞாயித்துக்கிழமை, ஒரு பக்கம் திங்கக்கிழமை” என்றாள். பிறகு என்னிடம் சொல்லாமல் அதை இடது கன்னத்திலும் போட ஆரம்பித்தாள். கழுத்து, கை என்று போனது. குப்பி சீக்கிரம் சீக்கிரம் காலியானதில் எனக்குத் தெரிந்தது. சோதனை கெட்டுப்போனதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் எனக்கு வேண்டிய படங்கள் அதற்குள் கிடைத்துவிட்டன. குப்பி காலியானபோதெல்லாம் நிரப்பி வைத்தேன். பேச்செடுத்தால், ஏன் போட்டாய் என்று நான் கேட்க வேண்டும். போட்டால் என்ன என்று அவள் கேட்பாள். பேச்சு வளரும்.

முதலில் காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கியது. பிறகு கால். செருப்பு நுழையவில்லை என்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: “க்ரீம் ஏதாவது போடறீங்களாம்மா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வைட்டமின் சி சீரம் மட்டும்தான், டாக்டர். நானே செய்யறது” என்றேன்.

“அது ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிவிட்டு அவர் வேறு கேள்விக்குப் போய்விட்டார். லேபிளில் இருப்பதைத்தான் சொன்னேன் என்று அன்று யோசித்துக்கொண்டேன். மறுநாள் காலை அவள் முக்காலியில் வந்து உட்காரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. ஆனால் அதற்குள் நிறைய உடம்பில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஒரு மத்தியான நேரத்தில் போய்விட்டாள்.

அழுகை எனக்கு வரவில்லை. எல்லோரும் அதிர்ச்சி என்றார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

கொழுந்தியாள் விஷயத்துக்கு வருகிறேன். காரியமெல்லாம் முடிந்து அக்காவின் துணிமணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “மாமா, அக்கா போட்டுக்கிட்டிருந்த சீரம் எனக்கு ஒண்ணு தருவீங்களா? அக்கா முகம் கடைசி வரைக்கும் எப்படி இருந்துச்சு.”

மாமியார், “இப்ப எதுக்குடி அது, அவரே நொந்துபோயிருக்காரு” என்றார்.

“எனக்கு வேணும்மா. அக்கா ஞாபகமா.”

இல்லை என்று சொல்லியிருந்தால் ஏன் இல்லை என்று கேட்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜில் நல்ல சீரம் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அது தெளிவாக இருக்கும், சார். அக்காவுடையது பால் நிறத்தில் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் அதையே கொடுத்தேன். தீர்ந்ததும் போன் செய்தாள். இன்னொன்று செய்து கொடுத்தேன். துக்கத்தில் இருக்கிற பெண் கேட்டதை மறுக்க முடியவில்லை.

பாதரசம். எழுதிக்கொள்ளுங்கள். பாதரச உப்பு. டப்பா அதே பரணில் இருக்கிறது, பழைய சாக்குக்குப் பின்னால். டாக்டர்களிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், என்ன கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நேரம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவள் எவ்வளவு போட்டாள் என்று எனக்குத் தெரியாது.

ஏட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யட்டும். நீங்கள் கேளுங்கள்.

இல்லை, சார். யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. முதலாளி தடுக்கவில்லை, டாக்டரம்மா தடுக்கவில்லை. வேண்டாம் என்று ஒரே ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். நான் சொன்னால் கேட்கிறவன்.

கடைசியாக அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறீர்கள். மாமியாரும் அதைத்தான் கேட்டார். “தூக்கம் வருதுன்னு சொன்னா, அத்தை” என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

உண்மையில் அவள் சொன்னது அதுவல்ல. நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

“தங்கச்சி அந்த பாட்டிலக் கேப்பா. குடுத்துடாதீங்க.”