டயர் மேல் பழி வேண்டாம்

ரிம்மில் டயர் ஏற்றப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரே போதும். கடையில் டப்பாவில் விற்கிற களிம்பெல்லாம் ஏமாற்று வேலை. நாற்பது வருடமாகச் சொல்கிறேன், எவனும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீங்களாவது குறித்துக்கொள்ளுங்கள் தம்பி, பேனா கையில்தானே இருக்கிறது.

நான் வந்தது சோப்பைப் பற்றிப் பேச அல்ல. உங்கள் ஷெரிஃப் அலுவலகம் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தப்பு. 'ராய்ஸ் கிட்ரெலின் மரணத்துக்குக் காரணம், அவரது மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் மாட்டியிருந்த கார் டயர்.' அந்த வரியை அடிக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதை வரிசைப்படி சொல்லிக்கொண்டு வருகிறேன். வெர்லின் டூமி சொன்னது என்று போட்டுக்கொள்ளுங்கள். வயது எழுபத்தாறு. மனநிலை தெளிவு. காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டேன்.

எங்களுடையது மாதிரியான கனத்த பைக்குகள் பின் டயரை வெண்ணெய் மாதிரித் தின்றுவிடும். எட்டாயிரம் மைல், மிஞ்சினால் பத்தாயிரம், பட்டன் மொத்தமும் காலி. கார் டயர் மாட்டினால் நாற்பதாயிரம் ஓடும். என் முதல் கார் டயர் தேய்வதற்குள் இந்தக் கவுண்டியில் மூன்று ஷெரிஃப்கள் தேய்ந்து போனார்கள். ஒருமுறை ஒக்லஹோமாவில் ஆணி ஏறிற்று. நூறு மைல் கழித்து இறங்கிப் பார்த்தால் ஆணிதான் வளைந்திருந்தது.

எந்தக் கடைக்காரனும் பைக்கில் கார் டயர் மாட்டித் தர மாட்டான். வழக்கு வந்துவிடும் என்று பயம். அதனால் எங்களை மாதிரி ஆட்கள் ஒருவருக்கொருவர் கொட்டகையில் வைத்து மாட்டிக்கொள்வோம். இந்த ஆர்கன்சா மலைப்பக்கம் முழுக்க அந்த வேலைக்கு என் கொட்டகைதான். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. டயரை மாட்டிவிட்டவன் முதல் ஐம்பது மைல் முன்னால் போவான், மாட்டிக்கொண்டவன் அவன் வேகத்தை நம்பிப் பின்னால் வருவான். கிளம்புவதற்கு முன்னால், கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கு உண்மையைச் சொல்வோம்.

உண்மை இதுதான். பைக் டயரின் அடி முட்டை மாதிரி உருண்டை, கார் டயரின் அடி செங்கல் மாதிரித் தட்டை. பைக் சாய்ந்துதான் திரும்பும். உருண்டை டயர் ஒருமுறை சாய்ந்தால் சாய்ந்தபடியே போகும், கையைத் தளர்த்திவிடலாம். தட்டை டயர் சாயப் பிடிக்காமல் அடம் பிடிக்கும். வளைவு முடிகிறவரை உள்பக்கக் கையால் ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வண்டி நிமிர்ந்து நேராகப் போய்விடும். வளைவில் நேராகப் போனால் எங்கே போவோம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் புதிதாக மாட்டிக்கொண்டவனை முதலில் தேவாலயத்துக்கு முன்னாலிருக்கும் வாகனத் திடலுக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் எட்டுப் போட வைப்போம். கைக்கு அது பழகியபிறகுதான் மலைச்சாலை.

இதெல்லாம் கொட்டகைப் பேச்சு. சனிக்கிழமை காலை லுரீன் கடையில் பைக் கிளப்போடு உட்கார்ந்து சாப்பிடும்போது இதில் ஒரு வார்த்தை வெளியே வராது. அங்கே யார் கேட்டாலும் ஒரே பதில்தான். ஒரு வித்தியாசமும் இல்லை, பழையபடியே ஓட்டலாம்.

ராய்ஸ் கிட்ரெல்தான் கிளப்பின் முன்னோட்டி. உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன், தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை. யார் முன்னால், யார் பின்னால் என்று ஊர்வல வரிசை போடுவது அவன் வேலை. நான் கார் டயருக்கு மாறின நாளிலிருந்து பத்தொன்பது வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், நான் கடைக்குள் நுழைந்ததும் கேட்பான்.

"வெர்லின், மத்த மூணு டயரும் எங்கய்யா?"

எல்லாரும் சிரிப்பார்கள். பத்தொன்பது வருடமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. லுரீன்கூடக் காப்பியை ஊற்றிக்கொண்டே, "பாவம், வர்ற வழியில உருண்டு போயிருக்கும்" என்பாள். நானும் சிரிப்பேன். நான் சிரித்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் முன்கோபக்காரன் இல்லை.

ராய்ஸ் ஒரு விதி கொண்டுவந்தான். கார் டயர் வண்டி எப்போதும் வரிசையின் கடைசியில்தான் வர வேண்டும், அது விழுந்தால் பின்னால் வருகிறவன் அதன் மேல் ஏறக்கூடாது பாருங்கள். கிளப்பில் கார் டயர் வண்டி ஒன்றுதான் இருந்தது. விதிக்கு என் பெயரையே வைத்திருக்கலாம், காகிதம் மிச்சமாகியிருக்கும்.

என் மனைவி மேவிஸ் இறந்தது நாலு வருடத்துக்கு முன்னால், அக்டோபரில். அவள் கிளப்பில் எல்லாருக்கும் பிடித்தவள். சவ வண்டிக்குப் பின்னால் எழுபது பைக் வந்தது. நான் வண்டியைக் கொண்டுபோய் சவ வண்டியை ஒட்டி நிறுத்தினேன். ராய்ஸ் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தான்.

"வெர்லின், நீ கடைசியிலப்பா."

"இது என் பொண்டாட்டி, ராய்ஸ்."

"தெரியும்யா. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கு உனக்காக மாத்தினா நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான். விதின்னா விதிதானே?"

எழுபது வண்டிக்குப் பின்னால் போனேன். கல்லறைச் சாலை உங்களுக்குத் தெரியும், முழுக்க மேடும் பள்ளமும். சவ வண்டியின் கூரைகூட என் கண்ணில் படவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளை இறக்கி வைத்துவிட்டார்கள். எனக்காகக் காத்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மரியாதையானவர்கள்.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அதை நான் விழுங்கியாயிற்று. அடுத்த சனிக்கிழமையே லுரீன் கடைக்குப் போனேன். ராய்ஸின் மனைவி டோனிட்டா அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை எனக்குக் கேசரோல் கொண்டுவந்து கொடுத்தாள். கோழியும் நூடுல்ஸும் போட்டது, கொஞ்சம் உப்பு தூக்கல், மற்றபடி நன்றாக இருக்கும்.

இந்த ஏப்ரலில் ஒருநாள் ராய்ஸ் என் கொட்டகை வாசலில் வந்து நின்றான். தோளில் புதுக் கார் டயர்.

"சிரிக்காத வெர்லின். டோனிட்டாவக் கூட்டிக்கிட்டு அலாஸ்கா வரைக்கும் போகப் போறேன். போற வழியில ரெண்டு தடவ டயர் மாத்த என்னால ஆகாது. எந்தக் கடைக்காரனும் மாட்ட மாட்டேங்கறான். நீ சொன்னதுதான் சரி. போதுமா?"

"போதும்" என்றேன்.

"பத்தொம்பது வருஷம் ரெண்டு கிழடும் ஒரு டயருக்காகச் சண்ட போட்டிருக்கோம் பாத்தியா. சாதாரண ரப்பர்யா இது."

"ரப்பர்தான்" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்து என் காப்பியை எடுத்துக் குடித்துக்கொண்டே சொன்னான். "அந்தக் கடைசி வரிச விதியையும் சனிக்கிழமையே தூக்கிடறேன். நான் முன்னோட்டி, நானே வால்ல வந்தா நல்லாவா இருக்கும்?"

வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. காப்பி சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தான். டயரை வைத்துவிட்டுப் போ, வியாழக்கிழமை வண்டியோடு வா என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். அந்த டயரை நான் மாட்டிய அழகை உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். விளிம்பு சுற்றிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். காற்று பவுண்டு பிசகாது. என் வாழ்நாளில் அதைவிட ஒழுங்காக நான் ஒரு டயரும் மாட்டியதில்லை. அதில் ஒரு குறை கண்டுபிடித்தால் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

முடிந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் டோனிட்டா காரில் வந்து இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் தலைக்கவசம். முதல் ஓட்டத்துக்குத் தானும் பின்னால் உட்கார்ந்து வருவதாகச் சொன்னாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் யோசித்தேன். அலாஸ்காவுக்கு அவளும்தானே போகப் போகிறாள் என்று பட்டது.

ராய்ஸ் கேட்டான். "சொல்லுய்யா, ஓட்டறதுல என்ன வித்தியாசம்? இத்தன வருஷமா நீ மறைச்சு வெச்சிருக்கற ரகசியம் ஏதாவது இருக்கணுமே."

"ஒரு வித்தியாசமும் இல்ல ராய்ஸ். பழையபடியே ஓட்டலாம்."

பத்தொன்பது வருடமாக லுரீன் கடையில் நான் சொன்ன அதே வார்த்தைதான். புதிதாக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொன்ன இடம் மட்டும் மாறிவிட்டது.

முதல் ஐம்பது மைல் நான் முன்னால், நீ என் வேகத்திலேயே பின்னால் வா என்ற முறையை மட்டும் சொன்னேன். திடலுக்குப் போகவில்லை. நேரே நெடுஞ்சாலை. பன்னிரண்டு மைல் பள்ளத்தாக்கில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு. பிறகு ஒரு சின்ன வளைவு. கண்ணாடியில் பார்த்தேன். அவன் வண்டி ஒரு நொடி நிமிரப் பார்த்தது, ஓரக்கோட்டைத் தொட்டுத் திரும்பியது. வேறு எவனாக இருந்தாலும் விளக்கை அடித்து என்னை நிறுத்தியிருப்பான். ராய்ஸ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பயந்துவிட்டேன் என்று என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது. அது வராது என்று எனக்குத் தெரியும். நானும் கட்டை விரலைக் காட்டினேன்.

கழுகுப் பாறைக் கொண்டை ஊசி வளைவில் இருபத்தைந்து மைல் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நான் ஐம்பதில் போனேன். அவன் ஆயுசு முழுக்க முன்னால் போனவன். இன்னொருவனுக்குப் பின்னால் போய்ப் பழக்கமில்லை. அதனால் நான் சொன்ன முறைப்படி என் வேகத்தை அப்படியே நம்பினான். நல்லபடியாகச் சாய்ந்தான், ஐம்பது வருடப் பழக்கம் இல்லையா. சாய்ந்ததும் பழையபடியே கையைத் தளர்த்தினான்.

வண்டி நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்து டோனிட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வருகிறவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது, இனி நடப்பாளா என்று தெரியாதாம். போன வாரம் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல வெர்லின். எவ்வளவு அக்கறையா மாட்டிக் கொடுத்தீங்க. எல்லாம் அந்தப் பாழாப்போன டயர்தான். ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து வந்தவங்ககிட்டயும் அதத்தான் சொன்னேன்."

நல்ல பெண். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்கிறாள். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நீங்கள் அதை அப்படியே எழுதிவிட்டீர்கள். கிளப்பில் அந்த அறிக்கையைச் சத்தமாகப் படித்து, இனி கார் டயர் வண்டிக்கு வாலில்கூட இடமில்லை என்று கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். ராய்ஸ் சொன்னது கடைசியில் சரியாகப் போயிற்று என்று லுரீன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். செத்தும் அவன்தான் ஜெயித்தான் என்றால் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்?

அதனால் வந்தேன். எழுதுங்கள். ராய்ஸ் கிட்ரெலைக் கொன்றது வெர்லின் டூமி. தெரிந்து, யோசித்து, மூன்று நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு செய்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, போகக்கூடாத வேகத்தில் முன்னால் போனேன். டோனிட்டாவை இறங்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. டயர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதைப் போல நம்பிக்கையான டயர் உலகத்தில் கிடையாது, நான் அதன் மேல் என் உயிரையே வைத்துப் பத்தொன்பது வருடம் ஓட்டியவன்.

என்ன கேட்டீர்கள்? அதே வளைவில் அதே ஐம்பதில் போன நான் எப்படி விழவில்லை என்றா?

அதற்கு முந்தின நாள் மத்தியானமே என் வண்டியில் கார் டயரைக் கழற்றிவிட்டுப் பைக் டயர் மாட்டிக்கொண்டேன். பின்னே என்ன தம்பி, அந்த வளைவில் அந்த வேகத்தில் கார் டயரை நம்பி எவனாவது போவானா?