கைதட்ட வந்த செவிலியர்கள்

அவைக்குத் தலைமை ஏற்று, அடிக்கடி கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுமையாக நிரப்பியிருக்கும் மூத்தோரே! பிள்ளை பெற்ற நாளில் ஒரு செவிலியின் கையைப் பற்றிக் கதறிவிட்டு, மறுவாரமே அவர் முகத்தை மறந்துபோன தாய்மார்களே! பின்வரிசைகளில் வெள்ளுடையில் வீற்றிருக்கும் செவிலியரே! அனைவருக்கும் வணக்கம்.

'செவிலியர் பணியின் எதிர்காலம்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அயல்நாடுகள் அழைக்கின்றன, அரிய கருவிகள் வருகின்றன, ஆராய்ச்சிப் பட்டங்கள் காத்திருக்கின்றன என்று அடுக்கடுக்காக எழுதி வந்திருக்கிறேன். கைதட்டாதீர்கள், அதை நான் படிக்கப்போவதில்லை.

சற்றுமுன் வரவேற்புரையில் செவிலியரைத் தாய் என்றார்கள், தெய்வம் என்றார்கள். தெய்வத்துக்கு வார விடுமுறை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவில் ஒருவர் வந்து நின்றார்.

"சிஸ்டர், எங்க வீட்டம்மாவுக்கு ட்ரிப்ஸ் ஏறுற கை பந்து மாதிரி வீங்கிடுச்சு. வலி தாங்காம அழுவுறா. மேல வார்டுல இருக்கிறது ஒரே ஒரு சிஸ்டர். அவங்களும் மூச்சுத் திணறுற பெரியவர்கிட்ட நிக்கிறாங்க. யாராச்சும் வாங்கம்மா!"

விழாப் பொறுப்பாளர் பதறினார்: "ஷ்ஷ்! பங்ஷன் நடக்குதுல்ல? முடிஞ்சதும் வருவாங்க, போங்கண்ணே."

"நீங்க கைதட்டி விளையாட எங்க வீட்டம்மா கைதானா கெடைச்சுது?"

கடைசி வரிசையில் ஒரு செவிலி பாதி எழுந்தார். தலைமைச் செவிலியான மேட்ரன் அம்மா அவரைப் பார்த்தார். எழுந்தவர் அமர்ந்துவிட்டார். மேட்ரன் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவரைத் தலைவர் பார்த்தார். தலைவரையும் குறை சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? என் பேச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

அரங்கு நிறைந்திருந்தால்தான் வருவேன் என்று காலையில் தொலைபேசியில் சொன்னவன் நான். அதற்காகத்தான் வார்டைக் காலி செய்து இவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். செவிலியர் பற்றாக்குறை பற்றி நான் முழங்குவதற்காக, மாடியில் ஒரு பற்றாக்குறையை உண்டாக்கியிருக்கிறோம். இந்த மாலை என் கழுத்தில் கனக்கிறது, ஐயா.

என்ன தலைவரே? "தலைப்புக்கு வாங்க" என்கிறீர்களா? அதைவிட்டு நான் எங்கே போனேன்?

இந்தப் பணிக்குச் சவால் எது? நோயா? நோய்க்கு அஞ்சியிருந்தால் இவர்கள் இந்த உடையையே உடுத்தியிருக்க மாட்டார்கள். இயந்திரமா? வீங்கிய கையைத் தாங்கி, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று சொல்ல எந்த இயந்திரம் வரும்? சவால் நாம்தான்! தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு, நோயாளியிடம் போவதற்கு அனுமதி கேட்க வைக்கிற நாம்தான்! வலிக்கிற இடத்துக்கு எழுந்து போக ஒரு செவிலி இன்னொருவர் முகம் பார்க்காத நாள் வரவேண்டும். அது வராவிட்டால் அயல்நாட்டுக்கு அழைத்துப்போக விமானம் வரும், ஏறிப் போய்விடுவார்கள். தடுக்க நமக்கு எந்த முகம் இருக்கிறது?

அந்த மனிதர் இன்னும் கதவருகில்தான் நிற்கிறார். கடைசி வரிசை அம்மா, எழுந்திருங்கள். மேட்ரனைப் பார்க்காதீர்கள், என்னையும் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களும் போங்கள். காலி நாற்காலிகள் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை, இன்று பழகிக்கொள்கிறேன்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து போகிறவர்களுக்கு என் வணக்கம். திரும்பி நின்று பதில் வணக்கம் சொல்ல வேண்டாம், அம்மா. அந்தக் கைகளுக்கு மாடியில் வேலை இருக்கிறது.