நாற்பத்தோராவது நிமிடம்

மாலை ஆறரை மணி. முந்தலிலிருந்து குரங்கணிக்கு ஏறும் சாலை. கடைசி ஜீப்பும் போய்விட்டது. ஈ காக்கை இல்லை... ஏலக்காய் உலர்த்தும் புகை வாடை மட்டும். சட்டைக்குள் ஒரு பார்சலை அணைத்தபடி சுருளிவேல் நடந்தே ஏறினான்.

குரங்கணியில்தான் வீடு. பழைய பேய்ப் படங்களைப் புளூரே தட்டுகளாகச் சேர்க்கிற பைத்தியம். வீட்டில் பீரோ முழுக்கத் தட்டுகள். மனைவி முத்துப்பிரியாவின் சேலைகள் சூட்கேஸில். பார்சலில் இருந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சின்ன வயதில் டிவியில் பார்க்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. மீதியைப் பார்க்க ஒன்பது வருடம் தேடியிருக்கிறான்.

வீடு சேர்ந்ததும் போட்டான். கண்ணாடி மாதிரித் தெளிவு. நாற்பத்தோராவது நிமிடம்... கையில் விளக்கோடு ஒரு பெண் வாசற்படிக்கு வந்து வாயைத் திறக்கிறாள்.

படம் நின்றுவிட்டது.

துடைத்தான். புது பிளேயர் வாங்கினான். கம்பெனிக்கு எழுதி வேறு தட்டு வரவழைத்தான். அதே நிமிடம், அதே வாசற்படி. மூன்றாவது தட்டும் அப்படியே. எரிச்சலில் ரிமோட்டைச் சுவரில் அடித்தான்.

போடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் சாமிடம் தட்டைக் கொடுத்தான். மறுநாள் சாம் சொன்னான், "நல்லா ஓடுதேண்ணே. முழுசாப் பாத்துட்டேன்."

"என் கண்ணு முன்னாடி போடு."

நின்றது. சுருளிவேல் டீ குடிக்க வெளியே போனான். உள்ளே படம் ஓடும் சத்தம். திரும்பி வந்தான், நின்றது. மூன்று முறை அப்படி. சாம் சிரிப்பதை நிறுத்தினான்.

"அந்தப் பொம்பள என்னதான்டா சொல்லுது?"

"ஞாபகம் வரலண்ணே... நேத்துதான் பாத்தேன். வரமாட்டேங்குது. இதக் கொண்டு போயிருங்க."

வீட்டுக்கு வந்து, டிவி எதிரில் போனை நிறுத்தி, திரையை வீடியோ எடுக்கவிட்டான்.

"நான் வெளிய நிக்கிறேன். நீ உக்காந்து பாரு, புள்ள."

"எனக்குச் சோலி கெடக்கு. இந்தக் கருமத்த நான் வேற பாக்கணுமா?" முணுமுணுத்தபடி முத்துப்பிரியா கீரையோடு உட்கார்ந்தாள்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே பனியில் நின்றான். படம் முடிந்து உள்ளே வந்தால், அவள் அடுப்படிக்குப் போயிருந்தாள்.

"என்ன சொன்னுச்சு?"

"யாரு? நான் கீரையில்ல ஆஞ்சுக்கிட்டிருந்தேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தான். நாற்பத்தோராவது நிமிடம். நிற்கவில்லை. விளக்கோடு வந்தவள் திரைக்கு வெளியே பார்த்தாள். இடப்பக்கம்... வலப்பக்கம்...

"அவரு வெளிய போயிட்டாரா?"

போனுக்குப் பின்னாலிருந்து முத்துப்பிரியாவின் குரல், சாவகாசமாக. "போயிட்டாரு. நீங்க உள்ள வாங்க."

பிறகு வெறும் வாசற்படி. முடியும்வரை வெறும் வாசற்படி மட்டும்.

சுருளிவேல் போனைக் கீழே வைத்தான். அடுப்படியில் முத்துப்பிரியா யாருடனோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.